பீஸ் ரேட்டில் வேலை செய்தால் 'தொழிலாளி' இல்லையா? திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகள் எழுப்பும் கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரம் கொட்டித் தள்ளும் பூட்டு அல்ல, கைவேலையில் உருவாகும் பூட்டு என்பதுதான் அந்தப் பெருமைக்கு அடிப்படை. பூட்டுக்கு சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அதைச் செய்யும் கைக்கு?

நாகல்நகரிலோ குடைப்பாறைப்பட்டியிலோ ஒரு சின்ன பட்டறையில் வேலை செய்பவரின் விரல் பிரஸ் மெஷினில் சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி செலவை யார் தருவது? வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு யார் பொறுப்பு? கைத்தொழில்களில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு: "அவரு நம்ம ஆளு இல்லைங்க, பீஸ் ரேட்டுக்குச் செய்யறவரு. அவருக்கு அவரே முதலாளி."

இந்தப் பதில் சரியா? பீஸ் கணக்கில் கூலி வாங்கினாலே ஒருவர் சொந்தத் தொழில் செய்பவர் ஆகிவிடுவாரா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில்: யார் தொழிலாளி, யார் காண்ட்ராக்டர்?

சட்டம் இரண்டு விதமான ஒப்பந்தங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, ஒருவரிடம் வேலைக்குச் சேர்வது. இன்னொன்று, ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்வது. முதல் வகையில் இருப்பவர் தொழிலாளி. இரண்டாவது வகையில் இருப்பவர் சுயேச்சை ஒப்பந்தக்காரர், அதாவது சொந்தப் பொறுப்பில் வேலை எடுத்துச் செய்பவர்.

எளிய உதாரணம் எலக்ட்ரீஷியன். உங்கள் வீட்டு ஃபேன் ஓடவில்லை என்று ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் தன் டூல்ஸோடு வருகிறார், ரேட் சொல்கிறார், வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அவர் உங்கள் தொழிலாளி அல்ல. அதே ஆள் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் தினமும் ஷிப்டுக்குப் போய், சூப்பர்வைசர் சொல்லும் மெஷினைப் பார்த்து, மாதம் பிறந்தால் பணம் வாங்கினால் அவர் அந்த ஆலையின் தொழிலாளி. கையும் திறமையும் ஒன்றுதான், உறவுதான் வேறு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பது மூன்றாவது வகை. ஏஜென்ட் அல்லது காண்ட்ராக்டர் மூலம் ஆலைக்குள் அனுப்பப்படுபவர் அவர். அவரும் தொழிலாளிதான். அவருக்கு யார் முதலாளி, ஏஜென்டா ஆலையா என்பதுதான் அங்கே கேள்வி. சுயேச்சை ஒப்பந்தக்காரர் விஷயத்தில் கேள்வியே வேறு: அவர் தொழிலாளிதானா?

ஏன் இந்த வித்தியாசம் முக்கியம்?

பணம் சம்பந்தப்பட்டது என்பதால். தொழிலாளி என்றால் குறைந்தபட்சக் கூலி, இ.எஸ்.ஐ., பி.எஃப்., பணிக்கொடை, விபத்து இழப்பீடு, காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் வழக்குப் போடும் உரிமை என்று ஒரு பட்டியலே உண்டு. சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்றால் இதில் எதுவும் இல்லை. பேசிய ரேட் மட்டும்தான். லாபம் வந்தாலும் அவருக்கு, நஷ்டம் வந்தாலும் அவருக்கு.

அதனால் 'நம்ம ஆளு இல்லை' என்ற மூன்று சொற்களுக்கு பெரிய விலை இருக்கிறது. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் புதிதல்ல. நாற்பது, ஐம்பது, எழுபது வருடங்களாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நான்கு வழக்குகளைப் பார்த்தால் படம் தெளிவாகும்.

• உப்பளம் (1956): குஜராத்தின் சௌராஷ்டிரா பகுதியில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் உப்பளங்களில் அகாரியாக்கள் என்ற உப்பளத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். ஆளுக்கொரு பாத்தி. விளைந்த உப்பின் அளவுக்குக் கூலி. குடும்பத்தோடு வேலை செய்வார்கள், தேவைப்பட்டால் தங்கள் செலவில் வேறு ஆளையும் வைத்துக்கொள்வார்கள். "அப்படியென்றால் அவர்கள் ஒப்பந்தக்காரர்கள்தானே" என்றது நிறுவனம். இல்லை என்றது உச்ச நீதிமன்றம். என்ன வேலை என்பதை மட்டுமல்ல, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கண்காணிக்கும் உரிமை நிறுவனத்திடம் இருந்தது. ஆகவே அவர்கள் தொழிலாளர்கள்தான்.

• பீடி (1958): சிந்தாமன் ராவ் வழக்கில் இதற்கு நேர்மாறான தீர்ப்பு வந்தது. 'சட்டேதார்கள்' என்பவர்கள் பீடி செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, தங்கள் இடத்திலோ வேறு ஆட்களிடம் கொடுத்தோ செய்து வாங்கி, நிறுவனத்துக்கு சப்ளை செய்தார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதில் நிறுவனத்துக்குப் பிடி இல்லை. அவர்கள் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்று முடிவானது.

• தையல் (1973): சில்வர் ஜூப்ளி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. தையல்காரர்களுக்கு பீஸ் ரேட். வருகிற நேரம், போகிற நேரம் கண்டிப்பு இல்லை. சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். ஆனால் தையல் மெஷின் கடையுடையது. சொன்னபடி தைக்கவில்லை என்றால் கடைக்காரர் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்வார். 'சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் ஒருவகைக் கட்டுப்பாடுதான்' என்ற அடிப்படையில் அவர்கள் தொழிலாளர்கள் என்று தீர்ப்பு வந்தது.

• கயிறு (1978): கோழிக்கோட்டில் ஒரு கயிறு ஆலை. ஆட்களைக் கொண்டுவந்தவர் காண்ட்ராக்டர். "எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார் ஆலை முதலாளி. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வேறு கேள்வி கேட்டார்: இவர்களின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது? ஆலை வேலையை நிறுத்தினால் இவர்கள் அடுப்பு அணைகிறது என்றால், நடுவில் எத்தனை பேர் நின்றாலும் ஆலைதான் உண்மையான முதலாளி.

இந்தத் தீர்ப்புகளிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பீஸ் ரேட் என்பது கூலியைக் கணக்கிடும் முறை மட்டுமே. அது ஒருவரைத் தொழிலாளி என்றோ, இல்லை என்றோ தீர்மானிக்காது. ஒரே ஒரு அளவுகோலும் கிடையாது. யார் வேலைக்கு எடுக்கிறார், யார் பணம் தருகிறார், யார் நிறுத்த முடியும், யார் மேற்பார்வை செய்கிறார், கருவியும் கச்சாப்பொருளும் யாருடையது, லாப நஷ்டம் யாருக்கு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூட்டுப் பட்டறைக்குப் பொருத்திப் பார்த்தால்?

பூட்டுத் தொழிலில் ஒரே மாதிரி உறவு இல்லை. மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை: பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்பவர். தகடு, பித்தளை, ரிவிட் எல்லாம் முதலாளி தருவது. டிரில்லிங் மெஷின், பிரஸ், பாலிஷ் மோட்டார் பட்டறையுடையது. எந்த மாடல், எத்தனை லீவர், எந்த சைஸ் என்று முதலாளி சொல்வார். பூட்டு திறந்து மூடுவதில் சிக்கல் இருந்தால் "மறுபடி ராவிக் கொண்டா" என்று திரும்பி வரும். கூலி மட்டும் பூட்டுக்கு இவ்வளவு. தையல் வழக்கின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், இவர் தொழிலாளி என்று வாதிட வலுவான காரணங்கள் இருக்கின்றன.

இரண்டாவது வகை: வீட்டில் செய்பவர். சாமானை வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் சாவி ராவுவது, பாகங்களைப் பூட்டாகக் கோப்பது போன்ற வேலையைச் செய்து எடையிலோ எண்ணிக்கையிலோ திருப்பிக் கொடுப்பவர். அரமும் சுத்தியலும் சொந்தமாக இருக்கலாம். மனைவி, பிள்ளைகளும் கை கொடுப்பார்கள். இவர் உப்பளத்து அகாரியாவா, பீடி சட்டேதாரா? இங்கேதான் சிக்கலே. ஒரு பட்டறைக்கு மட்டும் செய்கிறாரா, நாலு பட்டறைக்குச் செய்கிறாரா? ரேட்டை இவர் சொல்கிறாரா, அவர் சொல்கிறாரா? "அட்வான்ஸ் வாங்கியிருக்கே, வேற எடத்துக்குச் செய்யக் கூடாது" என்று சொல்ல ஒருவரால் முடிகிறது என்றால், அங்கே சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வகை: சொந்தப் பட்டறை. சொந்தமாகத் தகடு வாங்கி, தானே விலை வைத்து, கடைகளுக்கு சப்ளை செய்பவர். கூடவே இரண்டு பேரை வேலைக்கும் வைத்திருப்பார். இவர் உண்மையான சுயேச்சைத் தொழில்காரர். பெரிய கடையின் ஆர்டரை மட்டும் நம்பியிருந்தாலும் லாப நஷ்டம் இவருடையது.

இது பூட்டோடு நிற்பதும் இல்லை. சின்னாளப்பட்டியில் மாஸ்டர் வீவரிடம் நூல் வாங்கி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவர், நத்தம் பக்கம் வெட்டிய துணியை வாங்கி வந்து வீட்டில் சட்டை தைப்பவர் என்று மாவட்டம் முழுக்க இரண்டாவது வகை ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஆள், நாலு சட்டம், நாலு பெயர்

வீட்டுக்கு எடுத்துப் போய் வேலை செய்பவரை இந்தியச் சட்டங்கள் எப்படிப் பார்த்தன என்பது சுவாரஸ்யமான கதை.

1948-ம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டம், முதலாளி கொடுத்த பொருளைத் தன் வீட்டில் வைத்துச் செய்து கொடுக்கும் 'வெளி வேலையாளையும்' ஊழியர் என்ற வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்தது.

1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் அதே ஆளை விவரித்துவிட்டு, 'இவர் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்' என்று வெளியே நிறுத்தியது.

2008-ல் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு 'வீட்டு அடிப்படையிலான தொழிலாளி' என்று புதுப் பெயர் வைத்தது.

அதன்பின் பழைய தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. இதில் 2019-ம் ஆண்டின் ஊதியத் தொகுப்பில், ஊழியர் என்ற வரையறையில் 'வெளி வேலையாள்' என்ற சொல் இல்லை. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அவர் மறுபடியும் 'வீட்டு அடிப்படையிலான தொழிலாளி' என்று வருகிறார். அந்த வரையறையை கவனித்துப் படித்தால் ஒரு வார்த்தை கண்ணில் படும்: 'ஒரு முதலாளிக்காக' பொருள் செய்பவர். கருவியும் கச்சாப்பொருளும் யார் கொடுத்தாலும் பரவாயில்லை என்றும் அது சொல்கிறது.

அதாவது, அவருக்கு ஒரு முதலாளி இருக்கிறார் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அவரைச் சேர்த்திருப்பது அமைப்புசாராத் தொழிலாளர் பட்டியலில். முதலாளி பங்கு கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அவருக்குத் தானாக வந்துவிடாது. அரசு அறிவிக்கும் நலத்திட்டங்கள்தான் வழி.

சுருட்டுக்குக் கிடைத்தது, பூட்டுக்கு ஏன் இல்லை?

வீட்டில் வேலை செய்பவரை முழுத் தொழிலாளியாகச் சேர்ப்பது நடைமுறையில் முடியாத காரியம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இந்த நாட்டில் அது ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதுவும் திண்டுக்கல்லுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலில்.

ஒரு காலத்தில் திண்டுக்கல் என்றால் சுருட்டு. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டு ஆலையே இந்த ஊரில் இருந்தது. 1966-ல் நாடாளுமன்றம் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலாளியோ காண்ட்ராக்டரோ கொடுக்கும் இலையையும் புகையிலையையும் வாங்கி வீட்டில் வைத்துச் சுற்றுபவரும் ஊழியர்தான் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. முதலாளிகள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி வழக்கில் சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். 1980-களில் பி.எம். படேல் வழக்கில், வீட்டில் பீடி சுற்றுபவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று தீர்ப்பு வந்தது. அங்கேயும் முக்கியமாகப் பேசப்பட்டது, சரியில்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் உரிமை நிறுவனத்திடம் இருந்ததுதான்.

பீடித் தொழிலாளர்களுக்கு எல்லாம் ஒழுங்காகக் கிடைத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. பூட்டுக்கோ, வீட்டில் தைக்கும் சட்டைக்கோ அப்படித் தனிச்சட்டம் வரவில்லை. சாமான் கொடுத்து, செய்து வாங்கி, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் முறை இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வேலையின் தன்மையில் இல்லை. பீடித் தொழிலாளர்கள் எண்ணிக்கையில் பெரிய கூட்டம், பல மாநிலங்களில் சங்கம் வைத்துப் போராடினார்கள். பூட்டுத் தொழிலாளர்கள் ஒரு ஊரில் நாலைந்து பேர் உள்ள பட்டறைகளில் சிதறிக் கிடக்கிறார்கள்.

இரண்டாவது தடை: ஆட்களின் எண்ணிக்கை

சரி, ஒருவர் தொழிலாளிதான் என்று நிரூபித்தாகிவிட்டது என்றே வைப்போம். அத்தோடு முடிந்ததா? இல்லை.

• இ.எஸ்.ஐ.க்குப் பொதுவாக 10 பேர் வேலை செய்ய வேண்டும்.
• பி.எஃப்.க்கு 20 பேர்.
• பணிக்கொடைக்கு 10 பேர்.
• தொழிற்சாலை என்று கருதப்பட, பழைய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் போதும். புதிய தொகுப்பில் அது 20. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகியிருக்கிறது.
• ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த, 1970 சட்டத்தில் 20 பேர் என்றிருந்தது இப்போது 50.

புதிய தொகுப்பு நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருப்பது நல்ல மாற்றம். கையில் ஒரு காகிதம் இருந்தால், 'நம்ம ஆளு இல்லை' என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ஆனால் அந்தத் தொகுப்பில் 'நிறுவனம்' என்பதற்கான வரையறையே 10 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று பேர், ஐந்து பேர் வேலை செய்யும் பூட்டுப் பட்டறை இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

விரல் போனால் எவ்வளவு?

எண்ணிக்கை வரம்பு இல்லாத முக்கியமான பாதுகாப்பு ஒன்று உண்டு. அதுதான் வேலையின்போது ஏற்படும் விபத்துக்கான இழப்பீடு. 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இந்த முறை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தொடர்கிறது. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில், மின்சாரம் பயன்படுத்தும் உற்பத்திக் கூடத்தில் இரண்டே பேர் வேலை செய்தாலும் இழப்பீடு கேட்கலாம்.

கணக்கு எப்படி? சட்டத்தின் அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு. கட்டை விரல் என்றால் 30 சதவீதம். 40 வயதுக்காரர் மாதம் ₹12,000 சம்பாதிக்கிறார் என்று வைப்போம். அதில் 60 சதவீதம் ₹7,200. அந்த வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் சுமார் ₹13.26 லட்சம். அதில் 14 சதவீதம், ஏறத்தாழ ₹1.85 லட்சம்.

அவர் தொழிலாளி என்றால் இந்தத் தொகையைச் சட்டப்படி கேட்கலாம். சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்றால் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. முதலாளி மனமிரங்கி ஆஸ்பத்திரி செலவைக் கொடுத்தால் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுவில் ஒரு காண்ட்ராக்டர் இருந்தாலும், வேலை கொடுத்த பெரிய முதலாளியிடம் இழப்பீடு கேட்க 1923 சட்டத்தின் 12-வது பிரிவு வழிசெய்தது. ஆனால் விபத்து அவருடைய இடத்தில் அல்லது அவர் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் நடந்திருக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் நடந்த விபத்துக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வேலை வீட்டுக்குப் போகும்போது, பொறுப்பும் சேர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறது.

பட்டறை முதலாளியின் தரப்பு என்ன?

எல்லாப் பழியையும் பட்டறைக்காரர் மேல் போடுவதும் நியாயமில்லை. அலிகாரில் இருந்து இயந்திரத்தில் செய்து வரும் பூட்டு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கைவேலைப் பூட்டுக்கு நேரமும் கூலியும் அதிகம். ஆர்டர் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. நிரந்தரச் சம்பளம் கொடுக்கும் நிலையில் பல சின்னப் பட்டறைகள் இல்லை. அந்த முதலாளியே நேற்றுவரை அரம் பிடித்தவராக இருப்பார். பெரிய கடை சொல்லும் விலைக்குக் கட்டுப்பட்டவராகவும் இருப்பார். சில தொழிலாளர்களும் பீஸ் ரேட்டையே விரும்புவார்கள். வேகமாகச் செய்தால் கூடுதல் காசு, ஊரில் விசேஷம் என்றால் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆர்டர் இல்லாத மாதத்தின் நஷ்டத்தை யார் தாங்குவது என்று பார்த்தால், சங்கிலியின் கடைசியில் இருப்பவர்தான் தாங்குகிறார். விலை வைக்கும் உரிமை மேலே இருக்கிறது, ரிஸ்க் கீழே வந்துவிடுகிறது. உண்மையான ஒப்பந்தக்காரருக்கு ரிஸ்க்கோடு லாபமும் சேர்ந்து வரும். இங்கே ரிஸ்க் மட்டும் வருகிறது.

இதற்கு மாற்றாக உருவானதுதான் கூட்டுறவு. புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்ததே திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம்தான். தொழிலாளியே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் இருக்கும் முறை அது.

அரசு இவர்களை எப்படிப் பார்க்கிறது?

மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. சுயதொழில் அடிப்படையில் வேலை செய்யும் கைவினைஞருக்குப் பயிற்சி, ₹15,000 வரை கருவிகளுக்கு உதவி, குறைந்த வட்டியில் கடன் என்பது அதன் உள்ளடக்கம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எதிர்த்து, அந்த வடிவத்தில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024-ல் அறிவித்தது. மாற்றாக கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசியல் ரீதியாக இரண்டும் எதிரெதிர். ஆனால் இரண்டும் கைத்தொழில் செய்பவரைத் தொழில்முனைவோராகப் பார்த்துத்தான் கடன் கொடுக்கின்றன.

மூன்றாவது வகையில் இருக்கும் சொந்தப் பட்டறைக்காரருக்கு இது பயன்படும். முதல் இரண்டு வகையில் இருப்பவருக்கு வேண்டியது கடன் அல்ல, கூலிக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு.

அந்தப் பக்கம் தமிழ்நாடு செய்திருக்கும் முக்கியமான காரியம் நல வாரியங்கள். 1982-ம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில் கட்டுமானம், கைத்தறி, தையல் எனப் பல தொழில்களுக்கு வாரியங்கள் உள்ளன. உணவு டெலிவரி போன்ற வேலை செய்யும் 'கிக்' தொழிலாளர்களுக்கும் 2023 டிசம்பரில் தனி வாரியம் அமைக்கப்பட்டது. வாரியத்தில் சேர, முதலாளி யார் என்று வழக்காடி நிரூபிக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. கல்வி உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம், ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் அது அரசு நிர்ணயித்த உதவித்தொகை. கூலியைக் கணக்கிட்டு, முதலாளியின் பொறுப்பில் வரும் இழப்பீட்டுக்கு அது ஈடாகாது.

வெளிநாடுகளில் என்ன நிலை?

இது திண்டுக்கல்லின் பிரச்சினை மட்டுமல்ல. பிரிட்டனில் கார் கழுவும் தொழிலாளர்கள் 20 பேர் 'சுயதொழில் செய்பவர்கள்' என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2011-ல் ஆட்டோகிளென்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காகிதத்தில் எழுதியிருப்பதைவிட உண்மையில் நடப்பதுதான் முக்கியம் என்று அவர்களை தொழிலாளர்களாக ஏற்றது. 2021-ல் ஊபர் டிரைவர்கள் வழக்கிலும் இதே பார்வைதான் வென்றது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2020-ல் ஒருபடி மேலே போனது. அங்கே ஒருவர் தொழிலாளி என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. 'இவர் என் தொழிலாளி இல்லை' என்பதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இதற்கு மூன்று நிபந்தனைகள்: அவர் தன் கட்டுப்பாட்டில் இல்லை, அவர் செய்வது தன் வழக்கமான தொழில் அல்ல, அவருக்குச் சொந்தமாக ஒரு தொழில் நடக்கிறது. பூட்டுப் பட்டறைக்குள் உட்கார்ந்து பூட்டுச் செய்பவருக்கு இந்த மூன்றும் பொருந்தும் என்று காட்டுவது கடினம்.

வீட்டில் வேலை செய்பவர்களுக்காக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

தொழிலாளி இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாது. செய்யக்கூடியவை சில உண்டு.

• ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை பூட்டு, என்ன கூலி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜிபே, போன்பே ரசீது, ஆர்டர் சொல்லும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாமே ஆதாரம்தான். டெலிட் செய்யாதீர்கள்.

• விபத்து நடந்தால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். 'பட்டறையில் மெஷினில் அடிபட்டது' என்றே பதிவாக வேண்டும். முதலாளிக்குச் சங்கடம் என்று 'வீட்டில் விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால், பிறகு இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரி எதிராக நிற்கும். விபத்துப் பதிவேட்டு நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள்.

• தள்ளிப்போடாதீர்கள். இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

• நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள், புதுப்பிக்க மறக்காதீர்கள். எந்த வாரியத்தில் வருவீர்கள் என்பதை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். இ-ஷ்ரம் பதிவையும் முடித்துவிடுங்கள்.

• வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

• வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'நான் சுயதொழில் செய்பவன்' என்று எழுதிய காகிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். நீதிமன்றம் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாது.

மொத்தத்தில்...

பீஸ் ரேட் என்பதாலோ, வீட்டில் செய்வதாலோ, நேரம் கட்டாயமில்லை என்பதாலோ மட்டும் ஒருவர் தொழிலாளி அல்லாமல் போய்விட மாட்டார். இதை உச்ச நீதிமன்றம் எழுபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதை நிரூபிக்கும் சுமை, நாள் கூலியை விட்டுவிட்டு கோர்ட்டுக்கு வர வேண்டியவர் தலையிலேயே இருக்கிறது. 1966-ல் சுருட்டுத் தொழிலாளிக்குச் செய்தது போல, வீட்டில் வேலை செய்பவரையும் ஐந்து பேர் பட்டறையில் இருப்பவரையும் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்தால் அந்தச் சுமை இறங்கும்.

புவிசார் குறியீடு, போலி திண்டுக்கல் பூட்டைப் பிடிக்க உதவும். அசல் பூட்டைச் செய்தவரின் விரல் போனால், அது யார் கணக்கு என்ற கேள்விக்குத்தான் இன்னும் சாவி கிடைக்கவில்லை.